குட்டி வாங்க ராஜபாளையம் போகிறவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித் தென்காசி சாலையில் போனால் வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். மழை முடிந்த தை மாதத்தில் அந்த மலை பச்சையும் நீலமுமாகத் தெரியும். அடிவாரத்து மாந்தோப்புகளில் பூ வைத்திருக்கும். தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் சத்தம் காலையிலேயே கேட்கும். ராஜபாளையம் ஊருக்குள் நுழைந்தால் நூற்பாலைகள், ஊரை ஒட்டி சஞ்சீவி மலை, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். பருத்தியால் வளர்ந்த ஊர் இது. ஆனால் வெளியூர்க்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது நாய்தான்.

உடம்பு முழுக்க வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த கால், ஒட்டிய வயிறு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை 4 நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் ஆகியவற்றோடு ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய 4 தமிழ்நாட்டு இனங்களின் பெயரும் வந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகம் மாட்டையும் ஆட்டையும் பதிவு செய்வதுபோல ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இனத்துக்கு இதெல்லாம் நல்லது. கூடவே கிராக்கியும் கூடியது. கிராக்கி கூடினால் விதைக்கடையில் என்ன நடக்குமோ அதுதான் இங்கும் நடந்தது. இரண்டு பெட்டை நாய் வைத்திருப்பவரெல்லாம் 'பிரீடர்' ஆகிவிட்டார். சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவும் வழக்குக்குப் பிறகு மூடப்பட்டுவிட்டதால், குட்டி வேண்டுகிறவர் தனியாரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவரும் அவருடைய மச்சானும் அப்படித்தான் ஒரு தை மாதக் காலையில் ராஜபாளையத்தில் வந்து இறங்கினார்கள். விவசாயிக்குத் தோப்புக் காவலுக்கு ராஜபாளையம் வேண்டும். காட்டுப்பன்றி இளங்கன்றுகளைத் தோண்டிப் போடுகிறது, இரவில் தேங்காயும் களவு போகிறது. மச்சானுக்குக் காங்கேயம் பக்கம் கொறங்காடு. பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்து செம்மறிகளைக் கடித்துப் போட்டதால் அவருக்குச் சிப்பிப்பாறை வேண்டும். சிப்பிப்பாறைதான் வேண்டும் என்று அவருக்குச் சொன்னது யார் என்பது வேறு கதை.

சாலையோர வீடு

அவர்கள் முதலில் போனது சாலையோரத்தில் பெரிய போர்டு வைத்த ஒரு வீடு. பின்பக்கத்தில் தகரக் கூரை, அதன் கீழே கம்பிக் கூண்டுகள். ராஜபாளையம், கோம்பை மட்டுமல்ல, லாப்ரடாரும் பொமரேனியனும்கூட இருந்தன. ஒரு பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்து 5 வெள்ளைக் குட்டிகள்.

"எத்தனை நாள் குட்டிங்க?"

"30 நாள் அண்ணாச்சி. பால் மறந்தாச்சு, சோறு திங்கும். இப்பவே தூக்கிட்டுப் போனாத்தான் உங்ககிட்ட ஒட்டும்."

"தாய் எங்கிங்க?"

"அது தோட்டத்துல கெடக்கு, தூரம். அப்பன் பெரிய நாய், போட்டோ இருக்கு, பாருங்க."

போட்டோவில் நாய் நன்றாகத்தான் இருந்தது. தடுப்பூசி அட்டை ஒன்றும் இருந்தது. அதில் தேதி எழுதியிருந்ததே தவிர, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, மருத்துவரின் முத்திரையும் இல்லை. பூச்சிமருந்து வாங்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பார்க்கிற விவசாயி, இந்த அட்டையையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்டிருந்தால் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டுவதுதான் வழக்கம். வெறும் தேதி எழுத யாராலும் முடியும்.

30 நாளில் குட்டி விற்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். அதற்குச் சொல்லும் காரணம்தான் 'ஒட்டும்' என்பது. உண்மைக் காரணம் வேறு. நாலாவது வாரத்துக்குப் பிறகு 5 குட்டிக்கும் தீனி செலவு ஏறும். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும், அதற்கும் செலவு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கும் சமயமும் அதுதான். பார்வோ கிருமி உள்ள கூண்டிலிருந்து வரும் குட்டி வாங்கும்போது துள்ளும். கிருமி உள்ளே போய் 3 முதல் 7 நாளில்தான் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும். அதற்குள் குட்டி பொள்ளாச்சியில் இருக்கும், விற்றவர் ராஜபாளையத்தில் இருப்பார். பல ஊர்க் குட்டிகளும் பல இனங்களும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

குட்டியின் குணத்துக்கும் இந்த 4 வாரம் முக்கியம். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் நாய் உலகத்தைப் பழகுகிறது. அதில் முதல் பாதி தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் கழிய வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தது கத்தும் என்பதைக் குட்டி கற்பது அங்கேதான். ராஜபாளையம் இயல்பிலேயே அந்நியரை அண்டவிடாத நாய். கடியின் அளவு தெரியாமல் வளர்ந்த ராஜபாளையத்தைத் தோட்டத்தில் கட்டிப்போட்டால் அது தேங்காய் பறிக்க வருகிற ஆளையும் திருடனையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

இவை எல்லா இனத்துக்கும் பொருந்தும். ராஜபாளையத்துக்கென்று தனியாக இன்னொன்று இருக்கிறது.

வெள்ளையும் காதும்

சாலையோர வீட்டுக்காரர் கூடையிலிருந்து ஒரு குட்டியைத் தனியாக எடுத்துக் காட்டினார். "இது அசல் அண்ணாச்சி. ஒரு பொட்டு கிடையாது, மூக்கு ரோஸ். மத்த ரெண்டுக்கு காதுல லேசா செவலை இருக்கு, அதுக்கு விலை கம்மி."

வாங்க வருகிறவர்கள் பொட்டில்லாத வெள்ளையைக் கேட்கிறார்கள், அதனால் வளர்ப்பவர்களும் அதையே தேடித் தேடி இணை சேர்க்கிறார்கள். இந்தத் தேடலுக்கு இனம் கொடுக்கும் விலை காது கேளாமை. காதின் உட்பகுதியில் ஒலியை உணரும் உறுப்புக்கு ரத்த ஓட்டமும் உப்புச் சமநிலையும் தரும் ஒரு மெல்லிய படலம் உண்டு. அந்தப் படலம் வேலை செய்ய நிறமிச் செல்கள் தேவை. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் அதே வகைச் செல்கள்தான் அவையும். உடம்பை வெள்ளையாக்கும் மரபுக்கூறு சில குட்டிகளில் காதுக்குள்ளும் அந்தச் செல்கள் போய்ச் சேராமல் செய்துவிடுகிறது. அப்போது படலம் சுருங்கி, ஒலி உணரும் செல்கள் மடிந்துவிடும். மருந்து கிடையாது.

வெள்ளை டால்மேஷியன் நாய்களில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சோதித்ததில் 100-க்குச் சுமார் 8 நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, சுமார் 22 நாய்களுக்கு ஒரு காது கேட்கவில்லை. பிறக்கும்போதே கறுப்புத் திட்டு உள்ள குட்டிகளில் இந்தக் குறை குறைவு, நீலக்கண் உள்ளவற்றில் அதிகம். ராஜபாளையத்திலும் இந்தக் குறை உண்டு என்பது ஊரில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். செவலைப் பொட்டு வைத்த குட்டியை மட்டமென்று ஒதுக்குவது தோப்புக் காவலுக்கு நாய் தேடுகிறவருக்கு எந்த வகையிலும் லாபமில்லை. காட்டுப்பன்றி பொட்டு பார்த்து ஓடுவதில்லை.

இனி நாள் கணக்குக்கு வரலாம். குட்டிக்குக் காதுத்துவாரம் திறப்பதே பிறந்து 2 வாரம் கழித்து. குறையுள்ள குட்டியின் காதுக்குள் அந்தப் படலம் சுருங்குவது மூன்றாவது, நாலாவது வாரத்தில். அதனால் 5 வாரம் முடிவதற்கு முன்னால் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது. 30 நாளில் குட்டியைக் கைமாற்றுகிறவர் பார்வோவை மட்டுமல்ல, செவிட்டையும் சேர்த்துக் கைமாற்றிவிடலாம், அதுவும் தனக்கே தெரியாமல். வாங்கியவருக்கு 3 மாதம் கழித்துத் தெரியவரும்: கூப்பிட்டால் வருவதில்லை, தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கிறது, டிராக்டர் பின்னால் வருவது தெரியாமல் படுத்துக் கிடக்கிறது.

ஒரு காது மட்டும் கேட்காத நாய் இன்னும் பெரிய சிக்கல். அது நன்றாகக் குரைக்கும், கூப்பிட்டால் வரும், காவலும் காக்கும். சத்தம் எந்தத் திசை என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். அதை ஆரோக்கியமான நாய் என்று நம்பி இணை சேர்த்தால் அடுத்த தலைமுறையில் செவிட்டுக் குட்டிகள் கூடும். ஒற்றைக் காதுக் குறையை உறுதியாகக் கண்டுபிடிக்க, தலையில் சிறு மின்முனைகள் வைத்து மூளைத்தண்டின் பதிலை அளக்கும் கருவி வேண்டும். தென் மாவட்டத்துத் தோட்டத்தில் அந்தக் கருவியை எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்கக் கூடியது நோட்டுப் புத்தகம்.

மாந்தோப்பு வீடு

மேற்கே, அய்யனார் கோயில் பக்கம் போகும் சாலையிலிருந்து பிரிந்த மண்பாதையில் ஒரு மாந்தோப்பு. போர்டு கிடையாது. வேலிப் படலுக்கு வெளியே வண்டி நின்றதுமே உள்ளேயிருந்து இரண்டு வெள்ளை நாய்கள் சத்தம் கொடுத்தன. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து, நாய்களைக் கட்டிவிட்டுப் படலைத் திறந்தார்.

"குட்டி வேணுமுங்கம்மா. தென்னந்தோப்புக் காவலுக்கு."

"குட்டி இருக்கட்டும் தம்பி. தோப்புல ராத்திரி யாரு தங்குவா?"

விவசாயி அவரைப் பார்த்தார். கேள்வி கேட்க வந்தவரிடமே கேள்வி. ராத்திரி ஆள் தங்குவதில்லை, சாளையில் நாயைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதாகத் திட்டம் என்றார்.

"அப்போ இந்த நாய் உங்களுக்கு வேண்டாம். ஆள் இல்லாத எடத்துல கட்டிக் கெடந்தா இது வெறிச்சிப் போகும். ஒண்ணு, நீங்க தங்கணும். இல்லேன்னா நாய் உங்களோட வீட்டுக்கு வந்து போகணும்."

விற்க இருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்வது வாங்க வந்தவருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் நாய் விற்பவரைப் பற்றி வேறு எதைவிடவும் அதிகமாகச் சொல்லும் சொல் அதுதான். இரவு ஆள் யார், வேலி உண்டா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, இதற்கு முன் நாய் வைத்திருந்தீர்களா, அந்த நாய் என்ன ஆனது என்று அவர் வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு விவசாயி கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். வேலிக்கு வைத்த மின்சாரத்தில் மாட்டிச் செத்துப்போனதாம்.

குட்டிகள் தாழ்வாரத்தில் இருந்தன, தாயோடு. தாய்க்கு உடம்பு கொஞ்சம் மெலிந்திருந்தது. பால் கொடுக்கும் நாய் மெலியத்தான் செய்யும். ஆனால் தோலில் சொறி இல்லை, காதுக்குள் உண்ணி இல்லை, கட்டிய பிறகு வந்தவர்களைப் பார்த்து உறுமியதே தவிர ஒடுங்கவில்லை. குட்டியின் வருங்காலக் குணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது தாயின் முகத்தை. தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டியைப் பார்க்கவே வேண்டியதில்லை. தகப்பன் நாய் அங்கே இல்லை. அதில் குற்றமில்லை, நல்ல வளர்ப்பவர்கள் ஆண் நாயை வெளியே தேடித்தான் சேர்ப்பார்கள். சொந்த வீட்டு ஆணும் பெட்டையுமே திரும்பத் திரும்ப இணை சேர்ந்தால் ரத்தம் குறுகிப்போகும்.

அந்த அம்மாவின் நோட்டு பழைய பால் கணக்கு நோட்டு. பெட்டை பருவத்துக்கு வந்த தேதி, எந்த ஊர் ஆண் நாயோடு சேர்த்தது, குட்டி போட்ட தேதி, எத்தனை, அதில் எத்தனை நின்றது, யாருக்குப் போனது. சென்ற ஆண்டு ஈத்துக்கு நேராக ஒரு வரி: 'ஒண்ணுக்குக் காது இல்லை.' விவசாயி அதைப் படித்துவிட்டார் என்று தெரிந்தும் அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.

"அதே அப்பனோட மறுபடி சேக்கலை தம்பி. இது வேற அப்பன். அந்தக் குட்டிய ஆப்பரேசன் பண்ணி, பக்கத்துல டீச்சர் வீட்டுக்குக் காசு வாங்காமக் கொடுத்துட்டோம். கையக் காட்டுனா வரும்."

கேட்கும் தாய்க்கும் கேட்கும் தகப்பனுக்கும்கூடச் செவிட்டுக் குட்டி பிறக்கலாம். அதனால் 'எங்க பரம்பரையில அந்தக் குறையே கிடையாது' என்று சொல்கிறவரைவிட, 'ஒன்று பிறந்தது, இன்னது செய்தோம்' என்று சொல்கிறவரை நம்பலாம். கென்னல் கிளப் பதிவுச் சீட்டு இருந்தால் நல்லதுதான். அது தகப்பன் பெயரைச் சொல்லும், தகப்பனுக்குக் காது கேட்குமா என்பதைச் சொல்லாது. சான்று விதையின் நீல அட்டை முளைப்புத் திறனுக்குப் பொறுப்பேற்கும். நாயின் சீட்டை அதுபோல நினைத்துவிடக் கூடாது.

அந்த வீட்டில் காது பார்க்கும் முறை எளிது. குட்டிகளுக்கு அப்போது ஆறாவது வாரம். எல்லாம் தூங்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் தூக்கி அடுத்த அறையில் ஒரு சாக்கின் மேல் விட்டார். கூட்டத்தில் வைத்துச் சோதித்தால் பலன் இல்லை. மற்றவை எழுந்தால் செவிட்டுக் குட்டியும் அசைவு உணர்ந்து எழுந்துவிடும். குட்டி மறுபடி கண் அசந்ததும் அதன் பின்பக்கம், இரண்டு எட்டுத் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். காது நிமிர்ந்தது. கைதட்டக் கூடாது, காற்று மேலே படும். காலால் தரையைத் தட்டவும் கூடாது, அதிர்வு தெரியும். கொஞ்ச நேரம் கழித்து விசில், அப்புறம் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டும் ஓசை. மூன்றுக்கும் குட்டி திரும்பியது. இந்த முறையில் இரண்டு காதும் போன குட்டி மாட்டிக்கொள்ளும். ஒற்றைக் காது குட்டி தப்பிவிடும். இனப்பெருக்கத்துக்கு என்று குட்டி எடுப்பவர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கருவிச் சோதனைக்கு விசாரிக்க வேண்டும். தோப்புக் காவலுக்கு மட்டும் என்றால் சாவிக்கொத்து போதும், பிறகு கருத்தடை செய்துவிடுவது நல்லது.

அன்றைக்கே குட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் விவசாயி வந்திருந்தார். கிடைக்கவில்லை. எட்டு வாரம் முடிந்து வரச் சொல்லிவிட்டார். முன்பணமாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, நோட்டில் பெயர் எழுதினார். கூட்டிக்கொண்டு போன 3 நாளுக்குள் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவர் குறை சொன்னால் குட்டியைத் திருப்பிக் கொண்டுவரலாம். என்றைக்காவது வளர்க்க முடியாமல் போனாலும் தெருவில் விடாமல் அங்கேயே கொண்டுவந்து விட வேண்டும். இதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இந்த அம்மா செய்வதில் பெரும்பகுதி சட்டத்திலும் இருக்கிறது. மத்திய அரசின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் 2017-ல் வந்தன. அதன்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்தில் ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது, 8 வயதுக்குப் பிறகு கூடாது. வாலையும் காதையும் வெட்டக் கூடாது. நாய்களுக்கு மைக்ரோசிப் போட்டுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பெட்டை நாய் சுமார் 6 மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும் என்பதால், ஆண்டு முழுவதும் 'குட்டி ரெடி' என்று சொல்கிறவரிடம் எத்தனை பெட்டைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். மாந்தோப்பு வீட்டில் பதிவுச் சான்று இருக்கிறதா என்று விவசாயி கேட்டார். மகன் விண்ணப்பித்திருப்பதாகப் பதில் வந்தது. குட்டியை வாங்க வரும்போது அதையும் பார்த்துவிட வேண்டும். நோட்டு நல்ல நோட்டு என்பதற்காகச் சான்றைக் கேட்காமல் விடக் கூடாது. சான்று மாட்டியிருக்கிறது என்பதற்காகத் தாயைப் பார்க்காமலும் விடக் கூடாது.

கரிசல் பக்கம்

மறுநாள் மச்சானுக்காகக் கிழக்கே போனார்கள். ராஜபாளையத்தின் செம்மண்ணும் தோப்பும் கொஞ்ச தூரத்தில் முடிந்து, கறுப்பு மண் தொடங்கும். மானாவாரி மக்காச்சோளம் கதிர் முற்றிக் காய்ந்து நின்றது. படைப்புழு அரித்த ஓட்டை பல இலைகளில் தெரிந்தது. மரம் குறைந்த, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான இந்தப் பூமிதான் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தாய்வீடு. சிப்பிப்பாறை என்பதே இந்தப் பக்கத்து ஓர் ஊரின் பெயர். கண்ணால் பார்த்து ஓடித் துரத்தும் நாய்கள் இவை. அதற்கேற்ற குறுகிய இடுப்பு, ஆழ்ந்த நெஞ்சு, நீண்ட மூஞ்சி. கறுப்பு உடம்பில் செவலைப் பொட்டு வைத்ததைக் கன்னி என்பார்கள், வெளிர் நிறமானால் பால்கன்னி. மற்ற நிறங்கள் சிப்பிப்பாறை. இரண்டும் வேறா, ஒன்றா என்று கேட்டால் டீக்கடையில் அரை நாள் போய்விடும்.

இந்தப் பக்கம் கன்னியைக் காசுக்கு விற்பது பழைய வழக்கமில்லை, தெரிந்தவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம் என்பார்கள். இப்போது காசும் உண்டு. கிடை போடும் பெரியவர் ஒருவரிடம் 2 மாதக் குட்டி இருந்தது. ஆட்டுக்கிடையின் ஓரத்திலேயே தாய் படுத்திருந்தது.

"எதுக்குத் தம்பி?"

"பட்டிக்குக் காவலுக்குங்க ஐயா. தெருநாய் வந்து செம்மறியக் கடிக்குதுங்க."

பெரியவர் சிரித்தார். "இது ஓடுற நாய். பத்துத் தெருநாய் சேந்து வந்தா இது ஒத்தையா நின்னு என்ன செய்யும்? கிழிச்சுப் போட்டுரும். சத்தம் கொடுக்கும், அம்புட்டுதான்."

முயல் வேட்டைக்கு வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, மச்சானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'ஒரு சீசன்ல எத்தனை முயல்' என்று பெருமை பேசிக் குட்டி விற்கிறவரிடமிருந்து விலகிவிடுவது நல்லது. துரத்தப் பழக்கிய பரம்பரையில் வந்த குட்டி, ஓடும் ஆட்டுக்குட்டியையும் துரத்திப் பார்க்கும். பெரியவர் கிடையில் குட்டிகள் கண் திறந்த நாளிலிருந்து ஆட்டு வாசத்திலேயே வளர்ந்திருந்தன. ஆடு மிதித்தும், முட்டியும் அவற்றுக்குப் பழக்கம். ஆட்டுப்பட்டிக்கு நாய் தேடுகிறவர் இனப் பெயரைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும்.

மச்சானுக்குக் குட்டி கிடைத்தது, ஆனால் நிபந்தனையோடு. வேலிக் கம்பியை முதலில் உயர்த்திக் கட்ட வேண்டும், இரவில் பட்டிக்குள் ஆள் படுக்க வேண்டும், ஒற்றைக் குட்டியை நம்பி ஆட்டை விட்டுவிட்டுப் போகக் கூடாது. பெட்டைக்குட்டி என்பதால் 2 வயதுக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, சேர்த்தால் ஆண் நாய் இந்த ஊர் ரத்தமாக இருக்கக் கூடாது, முதல் ஈத்தில் ஒரு பெட்டையைத் திருப்பித் தர வேண்டும். தடுப்பூசி ஒன்று போட்டிருந்தது, ஸ்டிக்கரோடு. மூன்று, நான்கு வாரம் விட்டு அடுத்தடுத்த ஊசிகளும், 3 மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மச்சான் பொறுப்பு. ஆண்டுதோறும் அதை மறக்காமல் போட வேண்டும் என்று பெரியவர் இரண்டு முறை சொன்னார்.

பெரியவர் கம்பங்கூழை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தார். ஊர் போய்ச் சேரும் வரை குட்டிக்குத் தீனி மாறக் கூடாது, ஒரு வாரம் இதையேதான் கொடுக்க வேண்டும் என்றார். விவசாயியின் குட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மாந்தோப்பு அம்மா குறித்துக் கொடுத்த தேதி மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் வேண்டாமே என்று அவர் போனில் கேட்டுப் பார்த்தார். அப்படியானால் புதனுக்கு வாங்க, முன்னால் மட்டும் வராதீங்க என்று பதில் வந்தது.